குதிரை

ஹூஸ்டன் நகரின் தென்மேற்குப் பகுதியில் நண்பர் ஒருவரோடு பங்குக்கு ஒரு சிறிய மருந்துக்கடை நடத்திவருகிறேன். வாரத்தில் மூன்று இரவுகள் கடையைப் பூட்டுவது என் முறை. 2021 நவம்பரில் அப்படியோர் இரவு, மணி பத்து இருக்கும், கதவைப் பூட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தபோது ஒருவன் எதிரே வந்து நின்றான். கையில் துப்பாக்கி. பர்ஸையும் கைப்பேசியையும் கொடுத்தேன். கடைச் சாவியைக் கேட்டான். கதவைத் திறந்தால் அபாயமணி அடிக்கும், வலிமாத்திரைகள் இருக்கும் பெட்டகம் நேரப்பூட்டு போட்டது, எண்ணை அழுத்தினாலும் உடனே திறக்காது என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு மருந்தின் பக்கவிளைவுகளை விளக்கும் அதே குரலில் அதைச் சொன்னேன் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அவன் சற்று யோசித்தான். பிறகு கட்டடத்தின் பின்பக்கமாகப் போய்விட்டான். ஓடக்கூட இல்லை, நடந்தே போனான்.

வந்த காவலர் உயரம் கேட்டார், வயது கேட்டார், தாடி இருந்ததா என்று கேட்டார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. துப்பாக்கியை மட்டும் சொன்னேன். அதன் பின்புறத்தில் உலோகத்தால் ஆன காது மாதிரி ஒன்று இருந்தது, அது முன்பக்கமாகப் படுத்திருந்தது, அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஹாமர்" என்றார் அவர் எழுதிக்கொண்டே. "படுத்திருந்ததா, பின்னால் சாய்ந்து நின்றதா?"

"படுத்திருந்தது."

"நல்லது" என்றார். ஏன் நல்லது என்று சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆங்கிலத்தில் அதைச் சுத்தியல் என்கிறார்கள். செய்யும் வேலையும் அதுதான். தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியை ஓங்கித் தட்டுவது. பழைய தமிழில் துப்பாக்கியின் இந்த உறுப்புக்குக் குதிரை என்று பெயர். இந்தியிலும் 'கோடா'தான். (வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்பதும் குதிரை, தமிழன் எதையெல்லாம் குதிரை என்று அழைத்திருக்கிறான் என்று யாராவது பட்டியல் போடலாம்.) பின்னாளைய மர்மக் கதைகளில் இந்தக் குதிரையும் விரலால் இழுக்கும் விசையும் ஒன்றோடொன்று குழம்பிப்போயின. இந்தக் கட்டுரையில் குதிரை என்றால் பின்னால் இருப்பது, விசை என்றால் விரல் படுவது. இந்த வேறுபாட்டின்மேல்தான் நான் சொல்லவந்தது முழுவதும் நிற்கிறது.

அடுத்த சில மாதங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். தூக்கம் போயிற்று. வாகன நிறுத்தத்தில் யாராவது தும்மினால் உடம்பு உதறிற்று. அதைவிட மோசமாக, எதிலும் ஓர் ஈடுபாடு இல்லாமல் போயிற்று. மருத்துவர் செர்ட்ராலின் எழுதிக்கொடுத்தார். இருபது வருடங்களாக ஊராருக்கு எண்ணிக் கொடுத்த மாத்திரையை நண்பர் எனக்கு எண்ணிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல். மருத்துவர் அன்று வழக்கமான கேள்விகளுக்கு நடுவே ஒன்று கேட்டார்: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" இல்லை என்றேன். "நல்லது" என்றார் அவரும். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கேள்வி வெறும் சடங்கல்ல. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். கொள்ளைக்காரனுக்காக வாங்கும் துப்பாக்கி பெரும்பாலும் கொள்ளைக்காரனைச் சந்திப்பதே இல்லை. வீட்டில் இருக்கிறவர்களைத்தான் அது தினமும் சந்திக்கிறது.

இது தெரிந்தும் நான் வாங்கினேன். 2023இன் தொடக்கத்தில், எங்கள் வளாகத்திலேயே இருந்த மதுக்கடைக்காரரை அவர் கடை வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்; ஆனால் கடையைத் திரும்பத் திறக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மனைவி சொன்னாள், "ஏங்க, நாமளும் கடைய வித்துட்டா என்ன?"

"வித்துட்டு?"

அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. மகள் கல்லூரி விடுதிக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் இருந்திருந்தால் அடுத்த பேச்சையே நான் எடுத்திருக்கமாட்டேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில். ரயில் மணியாச்சியில் நிற்கும்போதெல்லாம் அப்பா சன்னல் வழியாகக் கைகாட்டி, இங்கேதான் என்பார். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். கையில் இருந்தது ப்ரௌனிங் கைத்துப்பாக்கி. சுட்டுவிட்டு நடைமேடையின் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். அடுத்த கதை 1948 ஜனவரி 30; அதில் பெரெட்டா 1934, மூன்று குண்டுகள். நான் வளர்ந்த உலகில், துணிக்குள் மறைத்த கைத்துப்பாக்கி என்பது கொல்லப் போகிறவனிடம் இருப்பது. காக்கிறவர்கள் ஆயுதத்தை மறைப்பதில்லை. எங்கள் ஊர்க் கருப்பசாமி அரிவாளை ஓங்கிய கையோடுதான் நிற்கிறார், பக்கத்தில் மண்குதிரையும் தெரியும்படியாக. சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நல்லவனாகவும் இருக்கமுடியும் என்பதை நம்புவதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

டெக்சாஸ்காரர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஆனால் அவர்களும் இந்த உரிமையை எப்போதும் வைத்திருந்தவர்கள் அல்லர். 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் என்ற ஊரில், லூபிஸ் உணவகத்துக்குள் வண்டியோடு புகுந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப் என்ற பெண்ணிடம் சொந்தத் துப்பாக்கி ஒன்று உண்டு. அன்றைய சட்டத்துக்குப் பயந்து அதைக் காரிலேயே விட்டுவந்திருந்தார். தாய், தந்தை இருவரும் இறந்தார்கள். அவர் பின்னர் சட்டமன்ற உறுப்பினரானார். மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் 1995இல் சட்டமானது. 2021 செப்டம்பர் 1 முதல் அந்த உரிமமும் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள, 21 வயது நிரம்பிய எவரும் இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். பயிற்சி வேண்டாம், தேர்வு வேண்டாம்.

சட்டம் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 1999இல் ஹெச்1பி விசாவில் வந்தபோது, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் நான் துப்பாக்கியைத் தொடுவதே குற்றம். இப்போது குடிமகன்; படிவத்தை நிரப்பினால் போதும். அந்தப் படிவம் நான் என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று கேட்பதில்லை. நீதிமன்றமோ அரசு அதிகாரமோ மனநோயாளி என்று தீர்ப்பளித்ததுண்டா, கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்ததுண்டா என்று மட்டும் கேட்கிறது. இல்லை என்பது உண்மையான பதில். உண்மையான பதில் எல்லாம் முழுமையான பதில் ஆகிவிடுமா என்ன.

ஆகவே தேவையில்லாத அந்த உரிமத்துக்கு நானாகவே விண்ணப்பித்தேன். வகுப்பும், அதன் முடிவில் ஒரு சுடும் தேர்வும். 3, 7, 15 கஜ தூரங்களில் 50 குண்டுகள். 250க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. பயிற்சி கொடுத்தவர் ஷெரீஃப் அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார், பேரக்குழந்தைகள் எடுத்தவர். மருந்தாளுநர் என்று தெரிந்ததும் என்னை 'டாக்' என்று கூப்பிட ஆரம்பித்தார். டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். வகுப்பு முடிந்தபின்பும் சனிக்கிழமைகளில் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டேன். எதை வாங்குவது என்று கேட்டபோது, "வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், உங்கள் கை சொல்லும்" என்றார். சுடுதளத்தில் அதற்கு வசதி உண்டு. நாலைந்து மாதம் அங்கேயே பழியாகக் கிடந்தேன்.

முதலில் எடுத்தது 1911. பெயரே அதுதான், அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட ஆண்டு. வடிவமைத்தவர் ஜான் ப்ரௌனிங். மணியாச்சியில் வெடித்ததும் அவர் மூளையில் பிறந்ததுதான். இராணுவம் மார்ச்சில் கையெழுத்திட்டது, ஆஷ் ஜூனில் இறந்தார். கையில் எடுத்ததும் இது ஏன் இன்னும் விற்பனையாகிறது என்று தெரிந்துவிடும். விசை கண்ணாடித் துண்டு முறிவதுபோல் சுத்தமாக விடுபடும். ஆனால் இதில் விசைக்கு ஒரே வேலைதான். ஏற்கெனவே பின்னால் இழுத்து நிறுத்திய குதிரையை விடுவிப்பது. அதனால் இதைச் சுமப்பவர்கள் குதிரையை இழுத்து நிறுத்தி, பக்கவாட்டில் இருக்கும் பூட்டைப் போட்டு, அப்படியே இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். பழகியவர்களுக்கு அது பத்திரமானது என்பதில் ஐயமில்லை. எனக்கோ, பாயத் தயாராக நிற்கும் ஒன்றை நாள் முழுதும் வயிற்றோடு வைத்துக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை. மேலும் ஒரு கிலோவுக்கு மேல் எடை.

அடுத்தது க்ளாக் 19. இதைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்தார்கள், காரணத்தோடுதான் செய்தார்கள். எடை குறைவு, விலை குறைவு, எதற்கும் அசையாது. இதில் வெளியே குதிரையே கிடையாது. உள்ளே ஓர் ஊசி, வில்லால் பாதி இழுபட்டு எப்போதும் காத்திருக்கும். விசை மீதியை இழுத்து விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2.5 கிலோ அழுத்தம், முதல் குண்டுக்கும் பத்தாவது குண்டுக்கும் வித்தியாசமில்லை. கற்றுக்கொடுக்க எளிது. ஆஸ்திரிய இராணுவம் 1982இல் இதன் அண்ணனை ஏற்றுக்கொண்டதிலிருந்து உலகத்துப் போலீஸ் பாதி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அமெரிக்க இராணுவமே 1985இல் வாங்கிய குதிரையுள்ள பெரெட்டாவைக் கைவிட்டு, 2017இல் குதிரையில்லாத சிக் சாவரைத் தேர்ந்தெடுத்தது. ஆக, நான் போய்ச் சேரவிருந்தது தோற்றுக்கொண்டிருக்கும் கட்சி. இலக்கிய வாசகனுக்கு அது புதிதல்ல.

க்ளாக்கில் என் மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பார்த்தால், அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சுடத் தயாராக இருக்கும்போதும் கிட்டத்தட்ட அதே முகம், காலியாக இருக்கும்போதும் அதே முகம். அம்மையாரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என் மழைச்சட்டையை வாங்கிக்கொண்டார். அதன் விளிம்பில் இறுக்கும் கயிறும் கயிற்றின் முனையில் ஒரு பிளாஸ்டிக் குமிழும் தொங்கின.

காலி க்ளாக் ஒன்றை எடுத்து மூன்று தடவை சோதித்தார், என்னையும் சோதிக்கச் சொன்னார். உறையின் வாயில் அந்தக் குமிழ் விழும்படி சட்டையைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியை உறைக்குள் தள்ளச் சொன்னார். தள்ளினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டு இருந்திருந்தால் தொடையில் பாய்ந்திருக்கும். பிறகு குதிரையுள்ள ஒன்றை, குதிரை படுத்த நிலையில், கொடுத்தார். "உறையில் போடும்போது கட்டைவிரல் எப்போதும் குதிரைமேல் இருக்கட்டும், டாக்." அதே குமிழ், அதே உறை. பாதி வழியில் குதிரை என் கட்டைவிரலைப் பின்னால் தள்ளியது. ஏதோ ஒரு சிறு பிராணி முதுகை நெளிப்பதுபோல் இருந்தது. கை தானாக நின்றுவிட்டது.

"அதுதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தக் காவலரின் 'நல்லது' அப்போதுதான் விளங்கியது. படுத்த குதிரை இரண்டில் ஒன்று. அது 1911 போன்ற வகையாக இருந்தால், கட்டைவிரலால் குதிரையை இழுத்து நிறுத்தாதவரை விசையை எவ்வளவு அழுத்தினாலும் வெடிக்காது. இல்லையென்றால் இரட்டைச் செயல் வகை; அதில் முதல் குண்டுக்கு மட்டும் விசையே குதிரையைப் பின்னால் இழுத்துப் பின் விடவும் வேண்டும். நீண்ட இழுப்பு, ஏறக்குறைய 4.5 கிலோ கனம். அந்தக் குண்டு வெடித்ததும் குதிரை தானே பின்னால் நிற்கும், அடுத்ததெல்லாம் 2 கிலோவுக்குப் பக்கம். எப்படியாயினும், நடுங்கிக்கொண்டிருந்த அந்த விரல் தவறுதலாகச் சுட்டுவிட முடியாது. மனத்தில் தீர்மானித்துவிட்டுத்தான் சுடமுடியும். அவன் தீர்மானிக்கவில்லை. அவனுடைய நடுக்கத்துக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் அந்த இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் இருந்தது.

என் கையும் நடுங்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சுடுதளத்தில் நடுங்காத கை, வாகன நிறுத்தத்தில் நடுங்கும். எதிரே வருபவன் வழி கேட்க வருபவனாக இருக்கலாம், மாத்திரைக்கு ஏங்கித் தவிக்கும் யாரோ ஒரு தாயின் பிள்ளையாக இருக்கலாம். என் விரலுக்கும் அவனுக்கும் நடுவிலும் அந்தக் கிலோக்கள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இதை ஒரு சனிக்கிழமை உற்சாகமாக அம்மையாரிடம் விவரித்தபோது, என்னைச் சற்றுக் கீழே இறக்கினார். நியூயார்க் காவல்துறையும் அப்படித்தான் நினைத்தது என்றார். தொண்ணூறுகளில் ரிவால்வரிலிருந்து தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது, தங்கள் க்ளாக்குகளில் கனமான வில் பொருத்தி விசையை 5.4 கிலோ அளவுக்கு ஏற்றிக்கொண்டது, தவறுதலாகச் சுட்டுவிடக் கூடாதென்று. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலைகாரனை இரு காவலர்கள் சுட்டபோது, வழியில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேர் காயமடைந்தார்கள். ஒன்பது பேரும் காவலர்களின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயம்பட்டவர்கள். அதற்கு அந்த விசைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் அன்று அந்த விசையைப் பற்றிப் பலரும் பேசினார்கள். கனமான விசை விரலைத் தடுக்கிறது. அதே கனம் குழலின் முனையையும் இழுத்துக் கோணலாக்குகிறது. "கனம் உங்களுக்கு யோசிக்க நேரம் தரும், டாக். குறி பார்க்கத் தராது. அதை நீங்கள்தான் சம்பாதிக்க வேண்டும்."

சம்பாதிப்பது கடினமாகத்தான் இருந்தது. என் முதல் குண்டு எப்போதும் இடப்பக்கம் கீழே போய் விழுந்தது, மேடை ஏறிய புதுப் பேச்சாளனின் முதல் வாக்கியம்போல. இரண்டாவதிலிருந்து சரியாகிவிடும். ஆனால் இந்த விவகாரத்தில் முதல் குண்டுதான் எல்லாம். இரவில் காலித் துப்பாக்கியின் முனையில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை முழுவதும் இழுத்துப் பழகினேன். முதல் வாரம் நாணயம் தரையிலேயே கிடந்தது. விழாமல் நின்றபோது ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எந்தத் துப்பாக்கி என்பது இதற்குள் முடிவாகியிருந்தது. பெரெட்டா 92 அழகானது, ஆனால் அதை மறைக்க எனக்கு இன்னொரு உடம்பு வேண்டும். (அந்தப் பெயரைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வந்ததும் உண்மை. விற்பனையாளர் இத்தாலிய வேலைப்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது நான் பிர்லா மாளிகையின் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தேன்.) சிக் சாவர் பி229 மனத்துக்குப் பிடித்தது, விலை பிடிக்கவில்லை. ஐந்து குண்டு ரிவால்வர்களில் குதிரையை உள்ளேயே ஒளித்துவைத்த ஒரு வகை உண்டு. சட்டைப்பையில் போடலாம், கனமான விசையும் உண்டு. ஆனால் எனக்கு வேண்டியதே தெரியும்படியான குதிரை. அதோடு பத்து கஜத்துக்கு அப்பால் நான் அதைக் கொண்டு ஒரு யானையைக்கூடத் தவறவிடுவேன்.

கடைசியில் செக் நாட்டுச் சி.இஸட். பி-01. செக் நாட்டிலிருந்து அதுவரை என்னிடம் வந்துசேர்ந்தவை நாவல்கள் மட்டுமே. இதன் மூலவடிவமான சி.இஸட். 75ஐ ஃபிரான்டிசெக் கூட்ஸ்கி என்ற பொறியாளர் வடிவமைத்து அது வெளிவந்த 1975இல்தான் மிலன் குந்தேரா நாட்டைவிட்டுப் பிரான்சுக்குப் போனார். இரண்டுமே ஏற்றுமதிக்கு மட்டும் என்று ஆன சரக்குகள். கம்யூனிச அரசு அதன் காப்புரிமையை ரகசியமாக வைத்தது. ரகசியமாக இருந்ததால் வெளிநாட்டில் பதிவுசெய்ய முடியவில்லை. அதனால் உலகெங்கும் நகல் எடுத்தார்கள். மறைத்துவைப்பதில் இப்படியும் ஒரு நஷ்டம் உண்டு. பி-01 அதன் சிறிய வாரிசு. அலுமினியச் சட்டம், 800 கிராம் அளவில் எடை, 14 குண்டுகள். குதிரையின் தலை உருண்டையாக இருக்கும், துணியில் மாட்டாது. பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கிறது. குண்டு ஏற்றியபின் பின்னால் நிற்கும் குதிரையை, விசையைத் தொடாமலே, இந்த நெம்பை அழுத்திப் பத்திரமாக இறக்கிவிடலாம். சி.இஸட். 75இன் வேறு சில வகைகளில் இது இல்லை. கட்டைவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்து மெல்ல இறக்க வேண்டும். கட்டைவிரல் வழுக்கினால் வெடிக்கும். நடுங்கும் கைக்காரன் வாங்கக்கூடாத வகை அது.

சுமப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹூஸ்டனில் எட்டு மாதம் வெயில். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, ஒரு அளவு பெரிதாகப் போட்டுக்கொண்டு திரிய வேண்டும். கீழ்த்தட்டிலிருந்து மருந்துப் பெட்டியை எடுக்கக் குனிந்தால் சட்டை மேலே ஏறும், ஆகவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழப் பழகிக்கொண்டேன். வேட்டியில் இது ஆகாத காரியம் என்பதை வீட்டில் சோதித்தே தெரிந்துகொண்டேன். துப்பாக்கி கூடாது என்று சொல்ல விரும்பும் கடைகள், ஒரு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை வைக்கவேண்டும் என்பது இங்கே விதி. இத்தனை ஆண்டுகள் கண்ணில் படாத அந்தப் பலகைகள் இப்போது எல்லா வாசலிலும் தெரிகின்றன. நண்பர் ஒருவர் செகாவை இழுத்தார். சுவரில் தொங்கும் துப்பாக்கி வெடித்தே தீரவேண்டும் என்பது நாடகத்துக்கு, இது வெடிக்காமலே பழையதாகி நான் செத்தபின் யாருக்காவது போய்ச் சேரவேண்டும் என்றேன்.

வாங்கிய அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். படிவம், பணம், எல்லாம் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து எண்பூட்டுப் பெட்டகத்தைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தேன். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் அன்னிக்கு ஒண்ணு கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க இப்ப நல்லாத்தான் இருக்கீங்க. நான் ஒண்ணும் சொல்லல." சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "பூட்டோட நம்பர் எங்கிட்ட இருக்கட்டும். ஒங்களுக்கு வேணாம்."

திருப்புளியைக் கீழே வைத்தேன். கோபம் வந்தது என்பதை மறைப்பானேன். என் பாதுகாப்புக்கு நான் வாங்கிய பொருளை என்னிடமிருந்தே பாதுகாப்பதா? நடுராத்திரி யாராவது கதவை உடைத்தால் அவளை எழுப்பி எண் கேட்டுக்கொண்டிருப்பதா? இதையெல்லாம் சொல்லவும் செய்தேன். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. "கதவ ஒடச்சா என்ன எழுப்புங்க" என்றாள். அவ்வளவுதான். நான் அறையைவிட்டு வெளியே போனேன். அவள் எண்ணை அழுத்தும் ஓசை கேட்டது, ஆறு முறை. என்ன எண் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் பிறந்தநாள் இல்லை, மகளின் பிறந்தநாளும் இல்லை, எங்கள் கல்யாண நாளும் இல்லை. ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறேன், இதை அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

இப்போது என் முறை வரும் நாட்களில், மத்தியானம் புறப்படும் முன் அவள் பெட்டகத்தைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறாள். நான் மணல் நிரப்பிய வாளியை நோக்கிப் பிடித்துக்கொண்டு குண்டை ஏற்றுவேன். குதிரை பின்னால் வந்து நிற்கும். நெம்பை அழுத்தினால் 'டக்' என்று இறங்கும். துப்பாக்கியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். முதல் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இது முழுசா படுக்கலையே. கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குதே."

அவள் கண்டது சரி. பி-01இல் நெம்பு குதிரையைக் கடைசிவரை இறக்குவதில்லை. பாதியில் ஒரு பள்ளத்தில் மாட்டி நிறுத்திவிடும், ஊசியைத் தொடாமல். ஆறு மாதம் கையில் வைத்துச் சுட்டவன் நான். அது அப்படி நிற்பதைக் கையேட்டில் படித்திருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

"அது அப்படித்தான் செஞ்சிருக்கு" என்றேன். "பாதியில நிக்கும்."

"பாயாதே?"

"பாயாது."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நான் கட்டைவிரலைக் குதிரைமேல் வைத்து, மெதுவாக உறைக்குள் இறக்கினேன். அவள் சட்டையின் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், கயிறோ நூலோ எதுவும் உள்ளே போய்விடாதபடி.